பதினோராவது கடை

பத்தாவது கடையிலிருந்து வெளியே வந்தபோது இளவழகனுக்கு வீட்டுக்குப் போகவும் மனமில்லை, அடுத்த கடைக்கு நடக்கவும் தெம்பில்லை. உச்சி வெயில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தையற்கடைக்கு மேலே இருந்த அறைக்கு மெல்லப் படியேறினார்.

அங்கேதான் குமுதினி டீச்சர், காலையும் மாலையும் வருகிற பத்துப் பேருக்குக் கண்ணை மூடிச் சும்மா உட்காரக் கற்றுக்கொடுத்தார். இளவழகனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். யாராவது குரு என்று கூப்பிட்டால் சிரித்துவிடுவார். அதனால் எல்லாருக்கும் டீச்சர். டீச்சருக்கோ இளவழகன் 'சார்'.

"என்ன சார், முகம் இப்படி வாடிக் கிடக்கு?"

"ஒரு சந்தேகம் டீச்சர்."

"கேளுங்க."

"இந்த ஆழ்வார்பேட்டையில நல்ல சுஷி எங்கே கிடைக்கும்?"

டீச்சர் பாயைச் சுருட்டுவதை நிறுத்தினார். "நான் முட்டைகூடத் தொடமாட்டேன். என்கிட்ட வந்து பச்சை மீனுக்கு வழி கேக்கறீங்களே!"

"தெரியும். வேற யாரைக் கேக்கறதுன்னுதான் தெரியலை."

பதினெட்டு வருடம் ஜப்பானில், நகோயாவில், மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் இளவழகன். மணமுறிவுக்குப் பிறகு ஊர் திரும்பிவிட்டார். மகள் மிதுலா தாயோடு அங்கேயே தங்கிவிட்டாள். ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. மூன்று வாரத்துக்கு முன் போனில் திடீரென்று ஒரு செய்தி வந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை சென்னையில் இறங்குகிறாளாம், மாலையே பெங்களூருக்குப் போய்விடுவாளாம். நடுவில் ஒரு மதியம் இருக்கிறது. 'சுஷி சாப்பிடப் போகலாமா அப்பா?'

"என்ன பதில் போட்டீங்க?"

"இன்னும் போடலை."

"மூணு வாரமாவா?"

"கடை முடிவானதும் இடத்தைச் சொல்லி எழுதலாம்னு. பத்துக் கடை பாத்தாச்சு. அந்த ஊர்ல வளர்ந்த பொண்ணு டீச்சர். கண்ட கடைக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா? தப்பாப் போயிட்டா அப்புறம் எப்போ வருவாளோ." இளவழகன் போனை நீட்டினார். "நேத்து இது வந்துது."

'வேலை இருந்தா விட்டுடுங்க அப்பா. பரவாயில்லை.'

டீச்சர் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் எத்தனை கடை பாக்கி?"

"ஒண்ணுதான். ஒரு மாடிப்படிக்கு அடியில இருக்கு. மொத்தமே எட்டு நாற்காலி."

"வாங்க, நானும் வரேன்."

அந்தக் கடையில் கத்தி பிடித்தவன் தூத்துக்குடிக்காரன். பெயர் ரோமால்ட். கப்பல் சமையலறையில் ஒரு ஜப்பானியரிடம் தொழில் பழகியவன். டீச்சர் சைவம் என்று கேட்டதும் கத்தியைக் கழுவினான், பலகையை மாற்றினான், வெள்ளரிக்காயை நறுக்கினான். கடல்பாசித் தாளைத் தணலில் இரண்டு தடவை வாட்டி, சோற்றையும் வெள்ளரியையும் வைத்துக் கூம்பாகச் சுருட்டினான். தட்டில் வைக்கவில்லை. தன் கையிலிருந்து டீச்சர் கைக்கே நீட்டினான்.

டீச்சர் வாங்கினார். கடித்தார்.

மொறுக்கென்று சத்தம் கேட்டது. சுட்ட அப்பளம் உடைகிற மாதிரி.

அடுத்தது இளவழகனுக்கு, சூரை மீன் வைத்தது. அவர் வாங்கித் தட்டில் வைத்தார். தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் படம் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து மீனின் நிறம், சோற்றின் சூடு, சுருட்டிய விதம் எல்லாவற்றையும் எழுதினார். எழுதும்போது கண் எரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மேலும் எழுதினார்.

ரோமால்ட் துணியில் கையைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார் சாப்பிடவா வந்திருக்காரு டீச்சர்? மீனுக்குப் பரீட்சைல்லா வைக்காரு!"

இளவழகன் சிரிக்கவில்லை. அப்போதுதான் கடித்தார். பாசி செருப்புத் தோல்போல இழுபட்டது. மிச்சத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கடைசி வரியை எழுதினார்.

"என்ன எழுதினீங்க சார்?"

"பாசி நமுத்துப்போச்சு. இங்கயும் அதே கதைதான்."

டீச்சர் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பதினோரு கடை, பதினோரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பாசி நமுத்துப்போயிருந்தது.

"எல்லாக் கடையிலயும் ஒருத்தரேவா சுருட்டிக் குடுத்தார்?"

"இல்லையே, வேற வேற ஆளு."

"சாப்பிட்டது யாரு?"

இளவழகன் தட்டில் வைத்த மிச்சத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"குடுத்த கையோட வாயில போட்டுரணும் சார்," என்றான் ரோமால்ட், கொஞ்சம் தணிந்த குரலில். "சோத்து ஈரம் ஏறிட்டுன்னா தாள் நமுத்துத்தான் போவும். தட்டுல வைக்காம கையில குடுக்கது அதுக்குத்தான்."

"எனக்குத் தெரியாதா தம்பி? பதினெட்டு வருஷம் அப்படித்தான் சாப்பிட்டேன். பொண்ணுக்காகன்னு தேட ஆரம்பிச்சதும்..."

இளவழகன் பேனாவை விரலிடுக்கில் வைத்தபடியே இன்னொரு கையால் போனை எடுத்தார். மகளின் செய்தியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"இந்தக் கடைன்னே எழுதிடவா டீச்சர்? இல்லே, இன்னொரு தடவை சரியாச் சாப்பிட்டுப் பாத்துட்டு நாளைக்குக் காலையில எழுதவா? நல்ல கடைதானான்னு ஒரு நிச்சயம் வேணும் இல்லையா?"

ரோமால்ட் அதற்குள் இன்னொன்றைச் சுருட்டி, பலகைக்கு மேலாகக் கையை நீட்டியிருந்தான். அதை வாங்க இளவழகனிடம் கை காலியாக இல்லை.

டீச்சர் அந்த நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு இளவழகனின் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம்தான் சார் கையை நீட்டிக்கிட்டே நிப்பாங்க?"