இருபது வளைவும் ஒரு பிரேக்கும்

இந்தக் கதையில் ஓர் உண்மை மூன்று பேருக்குத் தெரியும். மூவரும் அதை மூன்று விதமாகக் கையாண்டார்கள். யார் பக்கம் நிற்பது என்பதை முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஏற்காட்டில் சூசைநாதன் நடத்திய பட்டறைக்கு, காப்பித் தோட்டக்காரர் தணிகாசலத்தின் பழைய பிரிட்டிஷ் கார் வந்தது. கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. எட்டு வருடம் கொட்டகையில் நின்றதைத் தவிர அதற்குப் பெரிய நோய் இல்லை. கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கை மாற்றி, பிரேக் ரப்பரைப் புதுப்பித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை தணிகாசலத்தின் மகன் பரிதி அதைத் தானே ஓட்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு.

பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது பெடல் மிதிப்பவள் சூசைநாதனின் மனைவி செலின். சக்கரத்தடியில் படுத்தபடி அவன் "மிதி... விடு..." என்பான். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. ஓங்கி மிதித்தபோது பெடல் கல்லாக நின்றது. மெல்ல மிதித்து அப்படியே வைத்திருந்தபோது, அவள் பாதத்துக்குக் கீழே சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போனது.

"என்னங்க, இது தூங்குறவன் கை மாதிரி நழுவுது."

சூசைநாதன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "இந்த வண்டிக்கு எல்லாமே அங்குல அளவு. சேலத்துல கெடச்சது மில்லிமீட்டர் ரப்பர். மயிரிழை சின்னது. சரியானது செவ்வாய்க்கிழமைதான் வரும்."

தணிகாசலம் வந்தபோது அவரிடமும் அதையே சொன்னான்.

"ஓங்கி மிதிச்சா நிக்குதில்ல?"

"நிக்குதுங்க. ஆனா மலை எறக்கத்துல மெல்ல மிதிச்சுக்கிட்டேதானுங்க வரணும். கைப்பிரேக்கும் பேருக்குத்தான் இருக்கு."

தணிகாசலத்தின் அண்ணன் இறந்ததால் ஏற்கெனவே ஒருமுறை முகூர்த்தம் தள்ளிப்போயிருந்தது. இன்னொரு தடங்கல் வந்தால் தாம்பூலத் தட்டைத் திருப்பிவிடுவோம் என்று பெண்வீட்டார் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை இந்தக் காரில் வந்திறங்குவதைப் பார்க்க அடிவாரத்தில் மேளத்தோடு காத்திருக்கப் போகிறவர்களிடம், கார் வராததற்கு என்ன சொல்வது?

"வண்டியில கோளாறுன்னு ஒரு வார்த்தை வெளிய போகக்கூடாது. பையன்கிட்டயும் சொல்லாதே. ஓங்கி மிதிக்கச் சொல்லி நான் பாத்துக்கறேன்" என்று சூசைநாதனின் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அலமாரி ஓரம் நின்ற செலினிடம் சத்தியம் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை தணிகாசலத்தின் வீட்டு வாசலில், வண்டியைத் துடைக்கிற சாக்கில் சூசைநாதன் டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து, கட்டைவிரல் அளவு ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அது இல்லாமல் எஞ்சின் கிளம்பாது. "சொன்ன சொல்லும் கெடல, வண்டியும் போகாது" என்று கூட வந்திருந்த செலினின் காதில் சொன்னான். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பரிதி மாலையோடு ஏறி உட்கார்ந்தான். "பிரேக்கை ஓங்கி மிதிப்பா" என்றார் தணிகாசலம்.

"கல்யாண நாள்ல டிரைவிங் கிளாஸாப்பா?" என்று சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமியது, பற்றவில்லை.

"மாப்ள, நியூட்ரல்ல விடுறா! கேட்டைத் தாண்டினா எறக்கம்தான். உருட்டியே ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்று நண்பர்கள் ஐந்து பேர் பின்னால் கை வைத்தார்கள்.

சூசைநாதன் ஓரடி முன்னே வந்தான். எஞ்சின் பிடிப்பும் இல்லாமல் உருளும் வண்டிக்கு அந்தப் பிரேக் ஒன்றுதான் கதி. அவன் கை சட்டைப்பைக்குப் போயிற்று. வாய் திறக்கவில்லை. தணிகாசலமும் திறக்கவில்லை. சக்கரங்கள் கேட்டைத் தாண்டின.

செலின் ஓடினாள். "தம்பி! பிரேக்கை நம்பாதீங்க! மேட்டுல ஏத்துங்க, மேட்டுல!"

பரிதி திரும்பிப் பார்த்தான். ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடித்தான். கார் மண்மேட்டில் முட்டி நின்றது. அவனுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாப்பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்த பெண்ணின் மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அன்று மத்தியானமே தட்டு திரும்பி வந்தது.

மகனின் கல்யாணம் நின்றுவிடக் கூடாதென்று தகப்பன் மறைத்தார். கொடுத்த சொல் தவறாமல் காரை நிறுத்தப் பார்த்தான் சூசைநாதன். செலினோ கணவனின் சொல்லை ஊரறிய உடைத்தாள், கல்யாணமும் உடைந்தது. இதில் யார் செய்தது சரி?

விடை: செலின் செய்ததுதான். ஓர் உயிரைப் பள்ளத்தில் தள்ளும் சத்தியம் யாரையும் கட்டாது. இறக்கத்தில் வண்டி உருள எஞ்சின் வேண்டாம் என்பதும் மலையில் பிறந்த மெக்கானிக்குக்குத் தெரியாததல்ல. ஆனால் சரியாகச் செய்தவளுக்கும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கட்டுப்போட்ட கையோடு பட்டறைக்கு வந்த பரிதி மற்ற இருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம் மட்டும் கேட்டான்: "உங்ககிட்ட யாரும் சத்தியம் வாங்கலையேக்கா. வெள்ளிக்கிழமையே வந்து ஏன் சொல்லல?"