டிரைவர் வரட்டும்

"இன்னைக்கும் என்னை நடுவழியில இறக்கி விட்டுட்டாரு அம்மா."

மடத்து அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "யாரு?"

"எங்க அப்பா."

"எந்த வழியில?"

"ஹால்ல."

அம்மா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார். மேலே சொல்லுங்கள் என்று அதற்குப் பொருள்.

கொழுந்துக்கு வயது ஐம்பத்தாறு. அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆறு வருஷமாக மடத்துக்கு வந்து அவரிடம் பொறுமை பயில்கிறார். இந்த இரண்டு மாதமாகத்தான் அது தேவைப்பட்டது. தேடினால், கையில் இல்லை.

அவருடைய அப்பா மாடக்கண்ணு, முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போது எண்பத்திரண்டு. மறதி நோய் என்றார் டாக்டர். நேற்று நடந்தது முதலில் போகும், என்றோ நடந்தது கடைசியில்தான் போகும் என்றார். அப்படியே ஆயிற்று. மகனின் பெயர் போயிற்று. பஸ் மட்டும் மிஞ்சியது. கழுத்தில் விசிலோடு, வாசல் கதவோரம் நாற்காலி போட்டு, காலையிலிருந்து டூட்டி.

"டூட்டி பாக்கட்டும். வேண்டாங்கலை. ஆனா மூணு நாளாச் சாப்பிடலை அம்மா. வெறும் காப்பிதான். 'டிரைவர் வரட்டும்'னு தட்டைத் தள்ளுதாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உண்மையைச் சொன்னேன். டிரைவர் தங்கையா செத்து ஒன்பது வருஷம் ஆச்சுன்னு. அழுதாரு. மத்தியானம் மறுபடியும் கேட்டாரு. மறுபடியும் சொன்னேன். புதுசாக் கேக்குத மாதிரி அழுதாரு."

"தங்கையாவை இதுவரை எத்தனை தடவை சாகடிச்சீங்க?"

கொழுந்து விரல்விட்டு எண்ணினார். "ஏழு."

அம்மா கீரையைப் பார்த்தார்.

"அவர் ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டு எடுத்த போட்டோவைக் காட்டினேன். 'பாவம், யாரு இது? நல்ல மனுஷனாத் தெரியுதாரு'ன்னு திருப்பித் தந்துட்டாரு. 'இது பஸ் இல்லப்பா, வீடு'ன்னேன். 'அப்போ இறங்கும் வே'ன்னு கதவைத் திறந்துட்டாரு. அவருக்கு எப்படித்தான் புரிய வைக்க?"

அம்மா எழுந்து கையைக் கழுவினார். "வாங்க."

கொழுந்துவின் வீட்டில், மாடக்கண்ணு வாசலிலேயே இருந்தார்.

"ஏறுங்கம்மா, சட்டுனு. எங்க போணும்?"

"தென்காசி ஒண்ணு."

"இது தென்காசி போகாது. இறங்குங்க."

அம்மா இறங்கித் தெருவில் நின்றார்.

கொழுந்துக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதி. "பாத்தீங்களா? உங்களுக்கே இந்தக் கதி."

"பஸ் எங்க போகுது?" என்றார் அம்மா.

"அது பஸ் இல்ல அம்மா. வீடு."

"நான் அதைக் கேக்கலை."

கொழுந்துக்குத் தெரியவில்லை.

"ரெண்டு மாசமா ஏறுறீங்க. எங்க போகுதுன்னு கேக்கலையா?"

சொல்லிவிட்டு அம்மா வெளிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

கொழுந்து உள்ளே போனார். கண்டக்டரை என்னவென்று கூப்பிடுவது? அப்பா என்றால் இறக்கி விடுவார். தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, வண்டி எங்க போகுது?"

மாடக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. "பாபநாசம்."

"ஒண்ணு குடுங்க."

பழைய செய்தித்தாளில் ஒரு துண்டு கிழிந்து கைக்கு வந்தது. "நிக்காதீங்க. சன்னலோரம் காலியாத்தான் கெடக்கு."

கொழுந்து உட்கார்ந்தார். இரண்டு மாதமாக அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறோம் என்று அப்போது உறைத்தது.

இரண்டு விசில். வண்டி கிளம்பியது.

"சேரன்மகாதேவி." விசில். "வீரவநல்லூர்." விசில். கல்லிடைக்குறிச்சியில் யாரோ இறங்க நேரமாக்கினார்கள். மாடக்கண்ணு அவர்களைத் திட்டினார். ஆற்றுப் பாலம் வந்ததும் குரல் தணிந்தது. "தண்ணி நெறையப் போகுது, பாத்தீரா?"

கொழுந்து சன்னல் வழியே எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தார். "ஆமா அண்ணாச்சி. நெறைய."

"அம்பாசமுத்திரம். வண்டி பத்து நிமிஷம் நிக்கும். சாப்பிடுறவங்க சாப்பிடலாம்."

கொழுந்து நிமிர்ந்தார். "நீங்க சாப்பிடலையா அண்ணாச்சி?"

"டிரைவர் வரட்டும். அவன் பட்டினி கெடக்க, கண்டக்டர் மட்டும் திம்பானாக்கும்?"

ஏழு முறை சொன்ன பதில் கொழுந்தின் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார். அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

அடுக்களை வாசலில் அவர் மனைவி சந்தனமாரி இரண்டு தட்டோடு நின்றிருந்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். நேரே வந்து தட்டுகளைத் தரையில் வைத்து, மாமனாருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"வண்டிய வேப்பமரத்து நெழல்ல போட்டாச்சு அண்ணாச்சி. பசி உயிரு போகுது. வாங்க."

மாடக்கண்ணு அவளை மேலும் கீழும் பார்த்தார். "புது டிரைவரா?"

"ஆமா."

"பாலத்துல பிரேக்கை என்ன அந்தப் போடு போடுத?"

"இனி மெதுவாப் போடுதேன்."

"ம்." நாற்காலியிலிருந்து இறங்கி உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டார். முதல் வாய், இரண்டாம் வாய். மூன்றாவதில் ஊறுகாய் கேட்டார்.

கொழுந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே ஓடினார்.

"அம்மா, சாப்பிடுதாரு! தயிர்ச்சோறு. ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிடுதாரு."

அம்மா அவர் கையிலிருந்த காகிதத் துண்டைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு இறங்கினீங்க? பாபநாசம் வந்திடுச்சா?"

உள்ளே இரண்டு விசில் கேட்டது.

கொழுந்து ஓடினார்.