அரைச் சோழி

அன்று சூரிய கிரகணம் பிடித்தது என்று நம்பிராஜன் சொன்னதைப் பரமார்த்தலிங்கம் பதினெட்டு வருடங்களாகச் சந்தேகப்பட்டார்.

சந்தேகப்பட்டபடியே அவரிடம் சீடராகவும் இருந்தார்.

அது சின்னக் கிரகணம். தெற்கே எங்கோ நடுக்கடலில் சூரியனை முழுசாக விழுங்கிவிட்டு, இந்தக் கரையை முந்தானை ஓரத்தால் தொட்டுவிட்டுப் போகும் என்று நம்பிராஜன் சோழி போட்டுக் கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தார். காலையிலேயே ஊர் முழுக்கத் தீர்த்தமாடக் கடலில் இறங்கியது. வானமெல்லாம் மேகம். பிடித்ததையும் யாரும் பார்க்கவில்லை, விட்டதையும் பார்க்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் பரமார்த்தலிங்கத்தின் கையிலிருந்து ஆறு வயது மகன் சித்திரைவேல் நழுவிப்போனான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் நம்பிராஜன் வாசலில் போய் நின்றார். நம்பிராஜனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அவரைவிட ஏழு வயது இளையவர். தகப்பனார் விட்டுப்போன சோழிப் பை கைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"தம்பி, அன்னைக்கு நெசமாவே பிடிச்சுதா?"

"பிடிச்சுது அண்ணாச்சி."

"யாரு பார்த்தா?"

நம்பிராஜன் பையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நீங்களே கணக்கு படிங்க."

"படிச்சுட்டு அந்த நாளுக்குப் போட்டுப் பார்க்கலாமா?"

"முடிஞ்ச நாளுக்குச் சோழி போடக் கூடாது. எங்க வீட்டுல போட்டதில்லை."

"அப்போ எனக்கு எப்படித் தெரியும்?"

"திரும்பி வரும். பதினெட்டு வருஷம், பதினோரு நாள், இருபது நாழிகை. காலையில வந்தது சாயங்காலம் வரும். அதே கிரகணம், கணக்குல அதே மிச்சத்தோட. அப்போ போடுங்க."

அன்றிலிருந்து தம்பி, ஐயா ஆனார்.

பரமார்த்தலிங்கத்தின் மனைவி அதன் பிறகு கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்ததில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீக?"

"பிடிச்சிருந்தா, சாமி கொண்டுபோச்சுன்னு இருந்துருவேன்."

"பிடிக்கலைன்னா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கணக்குப் படிக்கப் போய்விட்டார்.

பதினெட்டு வருடம் முடிந்தது. கிரகணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, நம்பிராஜன் பார்த்திருக்க, முற்றத்து மணலில் அவர் சோழிகளைப் பரப்பினார். கழித்தார். வகுத்தார். மறுபடி கழித்தார். கடைசியில் மிஞ்சுவது முப்பத்து நாலு என்றால் கிரகணம் உண்டு. முப்பத்தைந்து என்றால் இல்லை.

அரைக்கு அடையாளமாகப் பையில் ஓர் உடைந்த சோழி கிடக்கும். நடுக்கணக்கில் எத்தனையோ தடவை அதை எடுத்து வைத்திருக்கிறார். கடைசி வரிசையில் அது வந்து அவர் பார்த்ததில்லை.

முப்பத்து நாலு சோழிகள் வரிசையாக இருந்தன. அவற்றின் வாலில் உடைந்த சோழி.

மூன்று தடவை கலைத்துப் போட்டார். மூன்று தடவையும் அது வந்து வாலில் உட்கார்ந்தது.

ஊர்த்தலைவர் தங்கப்பழம் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன அண்ணாச்சி, உண்டா இல்லையா? அன்னைக்கு உலை வைக்கலாமா கூடாதான்னு பொம்பளைக என் உசிரை எடுக்காளுக. சூரியனே இம்புட்டு யோசிக்காதுவே!"

பரமார்த்தலிங்கம் நிமிர்ந்து நம்பிராஜனைப் பார்த்தார்.

"ஐயா, முப்பத்து நாலரை. ஏட்டுல இதுக்கு என்ன சொல்லியிருக்கு?"

"ஏட்டுல ஒண்ணும் இல்லை."

நம்பிராஜன் குனிந்தார். உடைந்த சோழியை இரண்டு விரலால் எடுத்துப் பையில் போட்டார்.

"உண்டு" என்றார் தங்கப்பழத்திடம். "சாயங்காலம். ஊர்ல சொல்லிரும்."

தங்கப்பழம் வாசலைத் தாண்டியதும் பரமார்த்தலிங்கம் கேட்டார்.

"இன்னும் அரை போட்டு முப்பத்தைஞ்சுன்னும் வச்சிருக்கலாமே ஐயா?"

"வைக்கலாம். இல்லைன்னு சொல்லிப் பிடிச்சிருச்சுன்னா ஊர் நம்மளைச் சும்மா விடுமா? உண்டுன்னு சொல்லிப் பிடிக்கலைன்னா ஒரு முழுக்கு, அவ்வளவுதானே. முழுகுறதுல யாருக்கு என்ன..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

தெருவில் தங்கப்பழத்தின் குரல் கேட்டது. "கிரகணம் உண்டாம்! எல்லாரும் கடலுக்கு வந்துருங்க!"

பரமார்த்தலிங்கம் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். உடைந்த சோழி அகப்பட்டது. பலர் கை பட்டு அதன் விளிம்பு வழவழவென்று இருந்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"தம்பி" என்றார். அப்படிக் கூப்பிட்டுப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

"அன்னைக்கும் இதுதான் வந்துச்சா?"