தேனு என்ற பெயரில் ஒரு முயல்

ஒரு காட்டில், பிள்ளைகளே, இரை தேடுவதைவிடப் பேச இடம் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

முதலில் எல்லாரும் ஆற்றோர மருதமரத்தடியில்தான் கூடிப் பேசினார்கள். கரடியார் தினமும் தம் முழங்கால் வலியைச் சொல்வார். மிளாமான் அக்கா யாரோ சொன்னதாக யாரோ சொன்னதை எல்லாருக்கும் சொல்வாள். முள்ளம்பன்றி மாமாவோ, தம் மகன் சின்ன வயதில் சேற்றில் விழுந்து அழுத கதையை அவன் சிநேகிதர்கள் முன்னாலேயே சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்.

இளசுகளால் தாங்க முடியவில்லை. மொட்டைப்பாறைக்கு இடம் மாறினார்கள். "அங்க நல்லாக் காத்து வருதாமே" என்று பெரியவர்களும் ஒவ்வொருவராகப் பாறைக்கு வந்துசேர்ந்தார்கள். மாமா சேற்றுக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். இளசுகள் மறுபடியும் மூட்டையைக் கட்டினார்கள். இந்தத் தடவை போனது முள்மூங்கில் புதருக்குள்.

உள்ளே ஒரே இருட்டு. யார் முகமும் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், யாரும் தோண்டித் துருவ மாட்டார்கள். கரடியாலும் மிளாவாலும் அதற்குள் நுழைய முடியாது. அல்லி என்ற தாய்முயலால் முடியும். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அல்லிக்குப் பயம் கூடவே பிறந்தது. அவள் மகள் குன்றி பொழுது சாயும் நேரத்தில் புதருக்குக் கிளம்பிவிடுவாள்.

"அங்க என்னடி பேசுவீங்க?" என்று கேட்டாள் அல்லி.

"சும்மா பேசுவோம்மா."

"யார்கூட?"

"எல்லார்கூடவும்தான். நீ மட்டும் அங்க வந்துடாதம்மா, என் மானம் போயிடும்."

அல்லிக்குப் புல் தொண்டையில் இறங்கவில்லை. சும்மா என்றால் என்ன? எல்லாரும் என்றால் யார் யார்? பெற்ற வயிறு, சும்மா இருக்குமா? மறுநாள் காட்டுத்துளசியில் புரண்டு தன் வாசனையை மறைத்தாள். ஒரு புங்க இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு குரலை மாற்றினாள். புதருக்குள் புகுந்து, மகளின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள்.

"நான் தேனு. அக்கரைக் காட்டு முயல். உன் வயசுதான்" என்றாள்.

குன்றிக்கு அந்தக் குரலைக் கேட்ட நாளிலேயே பழகிய மாதிரி இருந்தது. அப்படித்தானே இருக்கும். தினமும் பேசினார்கள். வீட்டில் வாயைத் திறக்காத பெண் தேனுவிடம் கொட்டித் தீர்த்தாள். கிழிந்த இடது காதைப் பார்த்துத் தோழிகள் கேலி செய்வதைச் சொன்னாள்.

"உங்க அம்மாகிட்ட சொல்லலாமே" என்றாள் அல்லி.

"எங்கம்மாவா? நான் பாதி சொல்றதுக்குள்ள அவ அழ ஆரம்பிச்சிடுவா. அப்புறம் நான்தான் அவளைத் தேத்தணும்."

அல்லி இலையைக் கடித்துக்கொண்டு அழாமல் இருந்தாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. "சரிவுப் பக்கம் போகாதே" என்று அம்மாவாகச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மகள், தேனு சொன்னால் தலையாட்டினாள். எவ்வளவு சாமர்த்தியமாகப் பிள்ளையைக் காக்கிறோம் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

புதருக்கு வெளியே ஒரு நரி படுத்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. நரியின் உடம்புக்கு அந்த முள்ளில் வழி கிடையாது. காதுக்கு வழி இருந்தது.

ஒரு நாள் அல்லி வரச் சற்றுத் தாமதமாகிவிட்டது. உள்ளே நுழையும்போதே, புதரின் மறுபக்கத்து வெளியிலிருந்து தன் தேனுக் குரல் தனக்கு முன்னால் பேசுவதைக் கேட்டாள்.

"குன்றி, நான் தேனு. இன்னைக்கு வெளிய நிக்கிறேன். எத்தனை நாள்தான் முகம் பார்க்காமலே பேசுறது? வா, அக்கரையில புதுப்புல் முளைச்சிருக்கு. உங்க அம்மாகிட்ட மூச்சு விடாதே."

"நிஜமாவா? இதோ வர்றேன்" என்று குன்றி எழுந்தாள்.

அல்லி பாய்ந்து உள்ளே ஓடினாள். "போகாதே, நான்தான் தேனு" என்று இலை அதக்கிய குரலில் கத்தினாள்.

குன்றி திகைத்து நின்றாள். "ரெண்டு தேனுவா?"

"அது யாரோ என் பேரைச் சொல்லி ஏமாத்துது" என்றது நரி. "உன் இடது காது கிழிஞ்ச கதையை நீ என்கிட்டதானே சொன்னே?"

"அது எனக்கும் தெரியும்" என்றாள் அல்லி.

"ஒட்டுக்கேட்டிருப்பே" என்றது நரி.

தேனுவுக்குத் தெரிந்ததெல்லாம் நரிக்கும் தெரிந்திருந்தது. தேனுவாக இருந்து இனி எதையும் நிரூபிக்க முடியாது. குன்றி வெளிச்சம் வரும் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். இன்னும் கொஞ்ச தூரம்தான். இலையைத் துப்பினால் மகள் தன் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று அல்லிக்குத் தெரியும். துப்பினாள்.

"குன்றி, நான் அம்மாடி. தேனுன்னு ஒருத்தி கிடையாது. இத்தனை நாளும் நான்தான் பேசினேன்."

நரி சட்டென்று சமாளித்துக்கொண்டது. "பார்த்தியா, உன் அம்மாவே உன்னை வேவு பார்த்திருக்கா. இன்னும் அவகிட்டயா இருக்கப்போறே? நீ என்கூட வந்துடு."

குன்றியின் கால்கள் வெளியேறும் இடத்தில் நின்றன.

"தேனு எங்க அம்மான்னா, நீ யாரு?" என்று கேட்டாள்.

வெளியே சருகுகள் நொறுங்க, ஏதோ ஒன்று எழுந்து போயிற்று.

மகள் முன்னால் நடக்க, அல்லி பின்னாலேயே வந்தாள். வளைக்குள் போனதும் குன்றி மூலையில் சுருண்டுகொண்டு தேம்பினாள்.

"உயிரோட வந்துட்டியேம்மா, அது போதாதா?" என்றாள் அல்லி.

"எனக்கு இருந்தது ஒரே ஒரு சிநேகிதிம்மா" என்றாள் குன்றி.

அல்லி அவளைத் தொடக் கையை நீட்டினாள். மகள் நகர்ந்து படுத்தாள். அந்த அழுகையைத் தேனு ஒருத்தியால்தான் தேற்ற முடியும். தேனு இனி வரமாட்டாள்.

நீதி: அன்பினால் போட்டாலும் வேடம் வேடமே, அதைக் கள்வனும் எடுத்துப் போட்டுக்கொள்வான்.