சுவரைக் காத்தவருக்கு ஒரு பேனர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்!

காலனிக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் நின்ற தீண்டாமைச் சுவரை இடிக்கச் சொல்லி நகராட்சியில் தீர்மானம் கொடுத்தாள் ஆளுங்கட்சிக் கவுன்சிலர் கயற்கண்ணி. கட்சிக்காரர்கள் 'மாவட்டம்' என்றே அழைக்கும் மாவட்டச் செயலாளர் தணிகாசலம் கூப்பிட்டனுப்பினார்.

"சமத்துவமெல்லாம் மேடையில பேசுறதும்மா. சுவரைக் கட்டினவங்க ஓட்டு நமக்கு வேணும். தீர்மானத்தை வாபஸ் வாங்கு, இல்லேன்னா கட்சியை விட்டுப் போ."

"சரிங்கண்ணே" என்று வாபஸ் வாங்கிவிட்டாள்.

மறுவாரம் கட்சித் தலைவர் அந்த வழியாக வருவதாக இருந்தது. ஆளாளுக்கு பேனர் வைத்தார்கள். கயற்கண்ணியும் அந்தச் சுவர்மேலேயே ஒன்று வைத்தாள். அதில் தணிகாசலம் கைகூப்பிச் சிரிக்கிறார். கீழே, 'தீண்டாமைச் சுவரைக் கட்டிக்காத்த எங்கள் மாவட்டமே, வாழ்க!'

தணிகாசலம் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "கழட்டும்மா அதை! தலைவர் பார்த்தா என் பதவி போயிடும்!"

"மாவட்டத்தோட பேனர்ல கைவச்சா கட்சி விரோதமாச்சேண்ணே! எழுதினது பொய்யா இருந்தாச் சொல்லுங்க, மாத்திடறேன். 'சுவரை இடித்த மாவட்டமே'ன்னு போடலாம். ஆனா முதல்ல இடிக்கணுமே?"

தணிகாசலம் நகராட்சி சேர்மனுக்குப் போன் போட்டார். பொக்லைன் வந்தது. தூசி அடங்குமுன் தலைவர் வந்து, புரட்சியாளர் என்று தணிகாசலத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்.

சுவரை இடித்தது தன் யோசனை என்றுதான் இன்றுவரை அவர் மேடைதோறும் பேசுகிறார். அதனால் இதைச் சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். எங்களுக்கும் அவர்தான் மாவட்டம்.