படம் வரும் இடம்

மதுரையில் மேலமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், குரு இருந்தார். பெயர் ரெஜினா. வயது இருபத்தொன்பது. உதிரிகளைச் சேர்த்து முழுக் கம்ப்யூட்டராக்கி விற்பது அவர் தொழில். கற்றுக்கொள்ள வருகிறவர்களைத் திருப்பி அனுப்பமாட்டார். எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள்.

ஆடி மாதப் பிற்பகல் ஒன்றில் தெய்வநாயகம் அந்தப் படிகளில் ஏறி வந்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, கடைசி இருபத்தாறு வருடம் கம்ப்யூட்டரில் பத்திரம் அடித்து, ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று.

மூச்சு வாங்கி நின்றபின் கேட்டார்.

"அம்பதாயிரம் இருக்கு. விளையாடுற கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும். எது நல்லது?"

"யார் விளையாட?" என்றார் குரு.

"நான்தான்."

மூலையில் உட்கார்ந்திருந்த ஜபருல்லாவின் கையிலிருந்து ஸ்குரூ டிரைவர் நழுவியது. பைக் மெக்கானிக்காக இருந்து, முழங்கால் மறுத்துவிட்டதால் இந்த வேலையைக் கற்க வந்தவர் அவர்.

"பேரனுக்குன்னு சொல்லிருங்கண்ணே. நாங்க யாரும் விசாரிக்க மாட்டோம்."

"பேரன் இல்ல தம்பி. மகள் இருக்கா. உமையாள். அவளுக்கும் இது தெரியக்கூடாது."

குரு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். தெய்வநாயகம் உட்கார்ந்தார்.

"அவ அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. எங்களுக்குள்ள சண்டை ஒண்ணும் இல்ல. 'சாப்பாடு எடுத்து வச்சிருக்குப்பா'ம்பா. 'சரிம்மா'ம்பேன். அதோட சரி. வீட்ல இருந்தே வேலை பார்க்கிறா. ஏழரைக்கு விளையாட உட்காருவா. அஞ்சு பேர் ஓர் அணி. காட்டைத் தாண்டிப் போய்க் கோட்டையைப் பிடிக்கணும்." அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கதவுக்கு அந்தப் பக்கம் சிரிக்கிறா மேடம். வாய்விட்டு. முகம் தெரியாத நாலு பேரோட. அந்த நாலுல ஒருத்தனா இருந்துட்டுப் போறேன்."

குரு மேசை விசிறியை அவர் பக்கம் திருப்பினார்.

"ரெடியா வாங்கிட்டுப் போறீங்களா சார், இல்ல, செஞ்சு எடுத்துட்டுப் போறீங்களா?"

"எது சல்லிசு?"

"ரெண்டும் ஒரே விலைதான். செய்யறதுக்கு நாள் ஆகும்."

"நாள் நிறைய இருக்கு," என்றார் தெய்வநாயகம்.

மறுநாள் ஒரு பட்டியலோடு வந்தார். முத்து முத்தான கையெழுத்து. முதல் வரியில், கண்ணாடிப் பக்கமும் ஏழு நிற விளக்கும் உள்ள பெட்டி. கடைசி வரியில், விளையாட்டின் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு. அதற்கு மீந்திருந்தது ஆறாயிரம் ரூபாய்.

ஜபருல்லா எட்டிப் பார்த்தார். "கல்யாண மண்டபத்துக்கு சீரியல் செட் போட்ட மாதிரி இருக்கு. பொண்ணு மாப்பிள்ளைதான் இல்ல."

குரு பட்டியலைப் படித்தார். கடையில் எல்லோரும் பழகுகிற பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்து வைத்து, அந்தக் கோட்டை விளையாட்டை ஓடவிட்டார்.

"விளையாடுங்க."

தெய்வநாயகம் தட்டுத்தடுமாறிக் காட்டுக்குள் போனார். நான்காம் நிமிடம் செத்தார்.

குரு இயந்திரத்தை அணைத்து, இருந்த இரண்டு ரேம் பட்டைகளில் ஒன்றைக் கழற்றினார். "இப்ப?"

"கதவு திறக்க நேரமாகுது. மத்தபடி ஓடுது."

கார்டைக் கழற்றி, வேறொரு பெரிய கார்டை மாட்டினார். "இப்ப?"

தெய்வநாயகம் திரையை நெருங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இதற்குள் மறுபடி செத்திருந்தார்.

"மரத்துல இலை இருக்கு," என்றார்.

குரு பட்டியலை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தடுத்த நாட்களில் வரிகள் ஒவ்வொன்றாக அடிபட்டன. விளக்குப் பெட்டி போயிற்று. புதிய பிராசசர் போய், ஒருவர் இரண்டு வருடம் வைத்திருந்த பிராசசர் வந்தது. புது மானிட்டர் போய், ஓரத்தில் கீறல் விழுந்த மானிட்டர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இது இல்லாம ஓடுமா டீச்சர்?"

"ஓடும்."

மிச்சம் பிடித்ததெல்லாம் கார்டின் பக்கம் சேர்ந்தது. கடைசியில் பாதிப் பணம் அந்த ஒரு வரியில் நின்றது. அந்த உற்சாகத்தில் பவர் சப்ளை வரியையும் அடிக்கப் பேனாவை எடுத்தார். பேரில்லாத பெட்டி ஒன்று அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார்.

குரு அவர் பேனாவின் மேல் கையை வைத்தார்.

"இதுவும் இல்லாம ஓடுமே?"

"ஓடும். ஒரு நாள் போகும். போறப்ப எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போகும்."

தெய்வநாயகம் பேனாவை மூடினார்.

ஆவணி முழுவதும் கடைக் கம்ப்யூட்டரில் பழகினார். தட்டச்சு விரல்கள் அவருக்குக் கைகொடுத்தன. அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. வாள் பிடிப்பவர், வில் எய்பவர், முன்னால் போய் அடி வாங்குபவர். இவர் மருந்து கொடுக்கிற ஆளாகப் பழகினார்.

"வாளை எடுங்கண்ணே. மருந்துக் கூடையைத் தூக்கிக்கிட்டு அடுத்தவன் பின்னாடியே ஓடறீங்க," என்றார் ஜபருல்லா.

"எனக்கு அதுதான் தெரியும் தம்பி. மூணு வருஷம் வேளை தவறாம கொடுத்திருக்கேன்."

அதற்குப் பிறகு ஜபருல்லா வாளைப் பற்றிப் பேசவில்லை.

புரட்டாசியில் எல்லா உதிரிகளும் வந்து சேர்ந்தன. தன் கையாலேயே பொருத்தினார். பிராசசரின் முதுகில் கடலை அளவு பசை வைத்தார். கார்டைத் தாங்கிப் பிடித்து இறக்கினார். டக்கென்று பூட்டும் சத்தம் கேட்டதும் சிரித்தார். மின்வயர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் அவரே மாட்டினார்.

மானிட்டர் வயரை மட்டும் குரு வாங்கிக்கொண்டார். முதல் படம் கடைக்காரர் கையால் வரவேண்டும் என்பது அந்தக் கடையின் வழக்கம். குருவுக்கு முன் கடையை வைத்திருந்த அவர் அப்பா காலத்திலிருந்து வருவது. வெளிச்சம் வந்தது. காடு வந்தது. மரங்களில் இலை இருந்தது.

உமையாள் கதவைச் சாத்தி வேலை பார்க்கிற நேரமாகப் பார்த்து, தெய்வநாயகம் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

நான்காம் நாள் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"வீட்ல ஓடமாட்டேங்குது டீச்சர்."

"என்ன பண்ணுது?"

"விக்குது. நடக்குறேன், நிக்குறேன், நடக்குறேன். மொட்டை மரம். ஒரு இலை இல்ல."

குரு பெட்டியை மேசையில் வைத்து வயர்களை மாட்டி ஓடவிட்டார். நீரோட்டம்போல் ஓடியது. தெய்வநாயகம் தன் பெட்டியைப் பார்த்தார், பொய் சொல்லிவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல.

வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாளே திரும்ப வந்தார். குரு மறுபடி மாட்டினார். மறுபடி ஓடியது.

"உங்க வீட்டுக் கரண்ட்ல தண்ணி கலக்குறாங்களோ?" என்றார் ஜபருல்லா.

இந்த முறை தெய்வநாயகம் எழுந்து போகவில்லை.

"நேத்து அவங்க அணியில சேர்ந்து விளையாடினேன்," என்றார். "சேலத்துப் பொண்ணு ஒருத்தி விலகுறாளாம். ஆள் வேணும்னு போட்டிருந்தாங்க. பதிவாளர்னு பேர் வச்சுக்கிட்டுப் போனேன். நான் பேசல. ஹெட்போனைக் காதுல மாட்டி அவங்க பேசறதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். உமையாளுக்கு அடி பட்டுச்சு. நான் ஓடினேன். ஓட வரல. விக்கி விக்கி நின்னுச்சு."

"அப்புறம்?"

"யாருப்பா இந்தப் பதிவாளர், இவர் மருந்து கொண்டு வர்றதுக்குள்ள நான் செத்துடுவேன், அப்படின்னு சொன்னா உமையாள்." அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "எல்லாரும் சிரிச்சாங்க. அவ சத்தம் காதுக்குள்ளேயும் கேட்டுது, சுவத்துக்கு அந்தப் பக்கமும் கேட்டுது. காதுல இருந்ததைக் கழட்டி வச்சுட்டேன்."

ஜபருல்லா எழுந்து போய்த் தேநீர் சொல்லிவிட்டு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இன்னொரு ஆட்டம். அதுல முடிவு பண்ணிருவாங்க. அதுக்கப்புறம் இடம் இல்ல டீச்சர்."

குரு தேநீரைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை வாங்க. பெட்டி மட்டும் இல்ல. மானிட்டர், வயர், கீபோர்டு, ஸ்பைக் பஸ்டர், எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

சனிக்கிழமை மதியம் எல்லாம் வந்தன. ஜபருல்லா கீழே இறங்கி இரண்டு நடையில் தூக்கி வந்தார். குரு மேசையைக் காலிசெய்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மாட்டுங்க சார். வீட்ல மாட்டுற மாதிரியே."

தெய்வநாயகம் மாட்டினார். மின்வயர். கீபோர்டு. மவுஸ். பிறகு, பின்பக்கம் குனிந்துகூடப் பார்க்காமல், மானிட்டர் வயரை மேல் வரிசையில் சொருகினார். பட்டனை அழுத்தினார். காடு வந்தது. மொட்டை மரங்கள்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்," என்றார் குரு. "வயரை எங்க மாட்டினீங்க?"

"படம் வர்ற இடத்துல."

"அதை யார் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? ஆபீஸ்ல இருபத்தாறு வருஷம் அங்கதானே மாட்டினேன். கை தானா போகும்."

குரு டார்ச்சை எடுத்துவந்து பெட்டியின் பின்பக்கம் அடித்தார். மேல் வரிசைக்கு ஒரு சாண் கீழே, குறுக்காக, அதேபோல மூன்று துளைகள் இருந்தன. புத்தம் புதியவை. ஒவ்வொன்றிலும் கறுப்பு ரப்பர் மூடி அப்படியே இருந்தது. இரண்டு முறை கடைக்கு வந்தபோதும் குரு ஒரு மூடியைக் கழற்றி மாட்டி, பிறகு பழக்கத்தில் மூடி அனுப்பியிருந்தார்.

"கார்டு இங்க இருக்கு சார். மேல இருக்கிறது மதர்போர்டோடது. அதுக்கும் கொஞ்சம் படம் காட்டத் தெரியும். பத்திரம் அடிக்க அது போதும்."

தெய்வநாயகம் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்மேலயும் இருக்கு," என்றார் குரு. "ஒவ்வொரு தடவையும் நானே மாட்டிட்டேன். உங்க கையில கொடுக்கல."

ஒரு மூடியைக் கழற்றினார். வயரை அவர் கையில் கொடுத்தார். தெய்வநாயகம் சொருகினார். இலைகள் வந்தன. அவர் திரையைப் பார்க்கவில்லை.

"பாதிப் பணம் அதுல இருக்கு. பட்டியல்ல எல்லாத்தையும் அடிச்சு அடிச்சு வாங்கினது. இத்தனை நாளா உள்ளேயே இருந்திருக்கு. ஒரு எழுத்துக் காட்டியிருக்கலாம். நான் இங்க இருக்கேன்னு."

"அது தயாராத்தான் இருந்துச்சு," என்றார் குரு. "யாரும் அதுகிட்டப் படம் கேட்கல."

குரு இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தார். பொட்டு அளவு இருந்தது. சரியான துளைக்குப் பக்கத்தில் ஒட்டி, விரலால் அழுத்தினார். "கை மறந்தாலும் கண்ணுக்குத் தெரியும். நாளைக்கு விக்காது."

தெய்வநாயகம் வயர்களைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினார். மின்வயரைச் சுருட்டியபடியே, தனக்குத்தானே போலச் சொன்னார்.

"ஒரு நிமிஷ வேலை. இதுக்குப் போய் மூணு தடவை ஆட்டோ. விஷயம் தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல இருந்திருந்தா, பார்த்த உடனே சொல்லியிருப்பாங்க."

குரு டார்ச்சை அணைத்தார்.

"எவ்வளவு பக்கத்துல சார்? சுவத்துக்கு அந்தப் பக்கமா?"

தெய்வநாயகத்தின் கை வயரிலேயே நின்றது.

அவர் மெல்லக் குனிந்தார். பெட்டியின் பின்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். அந்தச் சிவப்புப் பொட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, கிழியாமல், உரித்து எடுத்தார். ரப்பர் மூடியைத் தேடி எடுத்து, துளையை முன்பு இருந்ததுபோலவே மூடினார்.