விலங்கு பூட்டிய பட்டத்து யானை

குவளைக்கோட்டை என்று ஒரு நாடு. தேடிப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். வாயிற்காவலர் என்னென்ன கேட்பார் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பல்ல.

அங்கே ஒருநாள் அரண்மனைத் தோட்டத்தில் இரண்டு பலாப்பழம் களவு போயிற்று. திருடன் அகப்படவில்லை. அகப்படாததால் அவன் வெளியூர்க்காரன்தான் என்று தளவாய் சேனைநாதர் முடிவுகட்டினார். உள்ளூர்த் திருடனென்றால் நம் காவலர் கையில் சிக்கியிருப்பானே! காவலுக்குத் தலைவர் அவரேதான். தம் காவலைத் தாமே குறை சொல்லிக்கொள்ள அவருக்கென்ன பைத்தியமா?

உடனே ஒரு சட்டம் எழுதிக்கொண்டு வந்தார். வேலை, குடியேற்றம், காவல், தண்டனை எல்லாம் ஒரே ஓலைக்கட்டில். சாரம் இதுதான்: வெளியூராருக்கு விசாரிக்காமல் வேலை கொடுத்தவர் எவராயினும், எப்போது கொடுத்திருந்தாலும், சிறை. வேலை பெற்றவர் பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டவேண்டும்.

மன்னர் இளங்கேசரி படித்துப் பார்த்தார். படித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"கனமான சட்டம்தான்," என்றார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தேருக்கு வெள்ளோட்டம் விடுவதுபோல, புதுச் சட்டத்துக்கும் முத்திரை குத்துமுன் ஒருநாள் வெள்ளோட்டம் விடுவார்கள். ஒருவரைப் பிடித்து, ஒருவரைத் துரத்தி, சக்கரம் உருள்கிறதா என்று பார்ப்பார்கள். அதை நடத்துவது சபைப் புலவர் அம்பலக்கூத்தரின் பொறுப்பு.

"துரத்துவதற்கு ஆள் நானே பார்த்துவிட்டேன்," என்றார் தளவாய். "ஏரி மதகில் வேலை செய்கிறானே கல்தச்சன் எர்ரப்பன், அவன். மலைக்கு அப்பாலிருந்து வந்தவன். நாளைப் பொழுதுக்குள் அவன் போய்விடவேண்டும்."

சேதி காதில் விழுந்ததும் எர்ரப்பன் கூத்தர் வீட்டுக்கு ஓடிவந்தான். கையில் பிடித்த உளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சாமி, என் பொண்டாட்டி நிறைமாசம். இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா. அவளைக் கூட்டிக்கிட்டு மலை ஏறுனா வழியிலயே என்ன ஆவுமோ! மதகு வேற பாதியில நிக்குது."

"உனக்கு வேலை கொடுத்தது யாரப்பா?"

"அப்ப இருந்த ஏரி மணியக்காரரு சாமி. அவரு செத்து ரொம்ப நாளாச்சு."

"கொடுத்துவைத்தவர். சிறைக்குத் தப்பினார்," என்றார் கூத்தர். "நீ போய் வேலையைப் பார். எதையும் பெரிய இடத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. உன் முறை வர நேரமாகும்."

எர்ரப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அழுகை நின்றது.

மறுநாள் சபை கூடியது. வாசலில் சங்கிலி இழுபடும் சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டத்து யானை கோமளவல்லியின் நான்கு காலிலும் விலங்கு! பாகன் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் வருகிறான். முன்னால் கூத்தர், ஊர்வலம் போகிறவர்போல நிதானமாக.

"என் யானைக்கு விலங்கா? யார் பூட்டியது?" என்று மன்னர் சீறினார்.

"சட்டம் பூட்டியது அரசே. விசாரிக்காமல் வெளியூராருக்கு வேலை கொடுத்திருக்கிறாள்."

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தளவாயும் சிரித்தார். "யானை யாருக்கையா வேலை கொடுக்கும்?"

"சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு முன் பழைய மன்னர் பிள்ளையில்லாமல் போய்ச்சேர்ந்தார். அடுத்த மன்னரைத் தேட, வழக்கப்படி இவள் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்பினார்கள். கோட்டை வாசலில் ஒரு வழிப்போக்கர் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். கூலிவேலை தேடி வந்தவர். எந்த ஊர், யார் மகன் என்று இவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டாள். அதுவும் சின்ன வேலையா? நாட்டிலேயே பெரிய வேலை!"

சிரிப்பு பட்டென்று நின்றது. எல்லோரும் சிம்மாசனத்தைப் பார்த்தார்கள், பிறகு அவசரமாகத் தரையைப் பார்த்தார்கள். மன்னருக்கு முகம் சிவந்தது. வந்த வழியை அவர் மறந்தே போயிருந்தார்.

"அந்த வழிப்போக்கர்..." என்று இழுத்தார்.

"பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டவேண்டும் அரசே. கட்டுச்சோற்றுக்குச் சொல்லிவிட்டேன். புளியோதரை. இரண்டு நாள் தாங்கும். தங்களுக்குப் பின்னால்தான் அந்தக் கல்தச்சனும் அவன் நிறைமாத மனைவியும்."

தளவாய்க்கு வேர்த்துவிட்டது. "மன்னா! அது பழைய சமாசாரம். அதற்கெல்லாம் இந்தச் சட்டம்..."

"'எப்போது கொடுத்திருந்தாலும்' என்று எழுதியவர் தாங்கள்தானே?" என்றார் கூத்தர்.

மன்னர் கொஞ்சநேரம் யானையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

"கூத்தரே, அன்றைக்கு இவள் விசாரித்திருந்தால்தான் என்ன ஆகியிருக்கும்?"

"மாலையோடு இவள் முதலில் நின்றது தளவாய் முன்னால் அரசே. ஏழு தலைமுறையாக உள்ளூர்க்காரர். கழுத்தையும் நீட்டினார். இவள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டாள். விசாரித்திருந்தால் நகர்ந்திருக்க மாட்டாள்."

மன்னர் தளவாயைப் பார்த்தார். தளவாய் தம் கால் கட்டைவிரலைப் பார்த்தார். அவ்வளவுதான், மன்னருக்குச் சிரிப்புப் பீறிட்டுவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"விலங்கைக் கழற்றுங்கள்! சட்டத்தை வந்த வழியே அனுப்புங்கள். அந்தக் கல்தச்சன் வீட்டுக்கு அரண்மனை மருத்துவச்சி போகட்டும்."

சிரித்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தரிடம் வந்தார். கூத்தர் ஓரடி பின்வாங்கினார்.

"என் கழுத்தில் போடுமுன் எந்த ஊர் என்று கேட்டுவிடுங்கள் அரசே. இந்தச் சபையில் இதுவரை யாரும் கேட்டதில்லை."

மன்னரின் கை நின்றது. யானையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அவளுக்கு இருந்த புத்தி எனக்கும் இருக்கட்டுமே," என்று மாலையைப் போட்டுவிட்டார்.